பால்குடத்துக்கு முன்னால் போன லாரி

அந்தப் பங்குனி உத்திரத்துக்கு என் மனைவி பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பது வேண்டுதல். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் மஞ்சள் காப்பு கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குள் வந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது வெறும் வெட்கம். புனேக்குப் பக்கத்தில் சாகணில் ஒரு வாகனத் தொழிற்சாலையில், பெட்ரோல் இன்ஜினுக்குள் எந்த நேரத்தில் எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் பிரிவில் பல வருஷம் இருந்தவன் நான். போன தீபாவளிக்கு முன்பு அந்தப் பிரிவையே கலைத்துவிட்டார்கள். இனி பேட்டரி வண்டிதான் என்றார்கள். எங்களுக்கு ஒரு கேக் வெட்டி, ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார்கள்.

இதை நாங்கள் வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. நான் சொல்லவிடவில்லை என்பதுதான் சரி. ஒர்க் ஃப்ரம் ஹோம் என்று ஒன்று வந்தது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரம். பட்டப்பகலில் வீட்டில் இருக்கும் ஆம்பளையை நாங்கள் குடியிருக்கும் விமான் நகரில் இப்போது யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. கொத்தமல்லி வாங்கப் போனால்கூடக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டு போவேன். பார்ப்பவர்கள் ஏதோ முக்கியமான மீட்டிங் என்று வழிவிடுவார்கள். வீடு ஓடியது அவளுடைய பள்ளிக்கூடச் சம்பளத்தில்.

"ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கப் போறயா?" என்று கேட்டேன்.

"யாராச்சும் கேட்டா எங்கம்மாளுக்கு முட்டி வலின்னு சொல்லிக்கறனுங்க. சாமிக்குத் தெரிஞ்சாப் போதுமில்லீங்க."

அவள் அன்றிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை என்று விரதத்தைத் தொடங்கிவிட்டாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் இதில் மகா கறாரானவர்கள். பிள்ளையார் கோயிலில் குடத்தைத் தலையில் ஏற்றினால் முருகன் சன்னதியில்தான் இறக்க வேண்டும். நடுவில் தரையில் வைத்துவிட்டால் அத்தனை நாள் விரதமும் போச்சு. வேறு யாரும் வாங்கிக்கொள்ளவும் கூடாது.

புனேயில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்தும் ஊர்வலம் அது. பெரிய ஊர்வலமெல்லாம் இல்லை. வேலை நிமித்தம் வந்து தங்கிவிட்ட குடும்பங்கள், வங்கியிலும் ராணுவக் கணக்குப் பிரிவிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள், புதிதாக வந்த ஐ.டி. பிள்ளைகள். உற்சவரை எழுந்தருளச் செய்ய எங்களுக்குத் தேர் கிடையாது. ஒரு பழைய பெட்ரோல் லாரிதான் தேர். ராணுவம் கழித்துவிட்ட வண்டியை ஏலத்தில் எடுத்து வைத்திருந்த மராட்டியர் ஒருவர் அதை வருஷா வருஷம் எங்களுக்குத் தருவார். கடக்வாஸ்லா அணைப் பக்கம் பந்தல் போடும் தொழில் அவருக்கு. கணபதி ஊர்வலத்துக்கும் அதே லாரி, எங்கள் முருகனுக்கும் அதே லாரி. நாங்கள் அவரைக் காகா என்போம், மராட்டியில் சித்தப்பா. வண்டியைத் துடைப்பதும் பூ வைப்பதும் ஓட்டுவதும் அவர். பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அவருக்கு அக்கறை கிடையாது.

ஊர்வலத்துக்குச் சில வாரம் முன்பு சங்கச் செயலாளர் வீட்டில் கூட்டம் போட்டோம். செயலாளர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. எதையும் முன்கூட்டியே செய்பவர். லாரி நின்ற இடத்தில் உறுமி உறுமி அணைந்துபோகிறது, காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்கவே முடியவில்லை என்று காகா ஹிந்தியில் சொன்னார். செயலாளர் உடனே, "அப்ப இந்த வருஷம் ஒரு டீசல் டெம்போ வாடகைக்கு எடுத்துடலாம்" என்றார். காகாவின் முகம் விழுந்துவிட்டது.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அங்கே எல்லோரும் ஆபீஸ் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குப் பதவி உயர்வு, ஒருவருக்கு அமெரிக்கப் பயணம். "உங்களுக்கு எப்படிப் போகுது?" என்று அப்போதுதான் ஒருவர் என்னைக் கேட்டு, நான் "செம பிஸி" என்று சொல்லி முடித்திருந்தேன். அந்தச் சூட்டில், "டெம்போ எதுக்கு சார்? கார்புரேட்டர் தேஞ்சிருக்கும். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"அதானே, நீங்கதான் இன்ஜின் ஆளாச்சே" என்றார் செயலாளர். கேட்கச் சுகமாக இருந்தது. பல மாதமாக என்னை யாரும் எந்த ஆள் என்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காகாவின் கொல்லையில், மூங்கில் கழிகளுக்கும் பந்தல் துணி மூட்டைகளுக்கும் நடுவில் லாரியின் பானெட்டைத் திறந்தேன். நான் சொன்னது சரிதான். கார்புரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டும் கிண்ணம். இப்போதைய வண்டிகளில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. இந்தக் கார்புரேட்டரில் காற்றைத் திறந்து மூடும் தகட்டின் அச்சு, துளையையே தின்று லொடலொடவென்று ஆடியது. அந்த இடைவெளியில் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, அதனால்தான் வண்டி நின்ற இடத்தில் அணைந்துபோகிறது. பழுது பார்த்தால் ஒரு மாதம் தாங்கும். புதிதுதான் போட வேண்டும்.

நானா பேட்டையில் பழைய வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றில் கடைக்காரர் இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று பழையதின் அச்சு அசல், ஒற்றைத் தொண்டை, கையடக்கமாக இருந்தது. மற்றொன்று இதைவிடப் பெரிய இன்ஜினுக்கானது. இரட்டைத் தொண்டை, பளபளவென்று அலுமினியம். அதை நம் வண்டியில் உட்கார வைக்க ஒரு இணைப்புத் தகடும் உண்டு. எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

சின்னதைத்தான் எடுத்திருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதது இல்லை. தெரியாமல் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தாது. தொண்டை குறுகலாக இருந்தால், இன்ஜின் மெதுவாக ஓடும்போதுகூட இருக்கிற கொஞ்சம் காற்று வேகமாகப் போகும். பெட்ரோலைப் பூந்தூறலாக இழுத்துக்கொண்டு போகும். தொண்டை அகலமாக இருந்தால் காற்று சோம்பலாகப் போகும், பெட்ரோல் சொட்டுச் சொட்டாக விழும். இதை நான் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு போர்டில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். எங்கள் லாரி வருஷம் முழுவதும் செய்வது ஒரே ஒரு வேலை, ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்வது. சின்னதைப் பொருத்தினால் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினான் என்பதோடு கதை முடிந்துவிடும். அதை எந்த மெக்கானிக்கும் செய்வான், இன்ஜின் ஆள் எதற்கு? நான் பெரியதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பொருத்துவதற்கு அடுத்த ஞாயிறு போனேன். பழையதின் பெட்ரோல் குழாயைக் கழற்றி, ஆக்சிலேட்டர் கம்பியை விடுவித்து, அடியிலிருந்த நட்டுகளை எடுத்தேன். துருவில் ஒன்று முரண்டு பிடித்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டித் தட்டி எடுத்தேன். பழைய கேஸ்கட்டைச் சுரண்டித் தளத்தைச் சுத்தம் செய்தேன். ஆக்சிலேட்டர் கம்பி நீளம் போதவில்லை, அதற்கு ஒரு துண்டு வெட்டி வளைத்துச் சேர்த்தேன். சட்டையெல்லாம் கரியும் கிரீஸும். நான் போட்டிருந்தது பழைய கம்பெனிச் சட்டை, பையின் மேல் அதன் சின்னத்தோடு. அழுக்கு வேலைக்கு அதைப் போட்டேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் அவள் எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொண்டு பஸ் மாறி வந்தாள். அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அப்படிப் பாக்கற?"

"இல்லீங்க, உங்களை இப்படிப் பாத்து எத்தன நாளாச்சு. டூட்டிக்குப் போன ஆளாட்டவே இருக்கறீங்க."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அதை மறைக்க, கார்புரேட்டரைப் பற்றி அவளுக்குத் தேவையே இல்லாத விவரமெல்லாம் சொன்னேன். இரண்டு தொண்டை, கூடுதல் இழுவை, காகாவின் வண்டி இனி புது வண்டி. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் சொல்வதை அவள் எப்போதும் நம்பித்தான் கேட்பாள்.

அவள் போன பிறகு ஒரு சிக்கல். இணைப்புத் தகடு, பெரிய கார்புரேட்டர், அதன் மேல் ஏர் கிளீனர் எல்லாம் சேர்ந்து உயரம் கூடிப்போய் பானெட் மூடவில்லை. காகா அந்த பானெட்டின் மேல் புதிதாக ஒரு கணபதியை வரையச் சொல்லியிருந்தார், பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. "பந்த் ஹோயேகா நா, சாஹேப்?" என்று கவலையாகக் கேட்டார், மூடுமா என்று. கார்புரேட்டருக்கு அடியில் விரல் தடிமனுக்கு ஒரு பேக்லைட் கட்டை இருந்தது. கீழே கொதிக்கும் புகைக்குழாயின் சூடு மேலே ஏறாமல் தடுப்பதுதான் அதன் ஒரே வேலை. அதை எடுத்தால் பானெட் மூடும்.

எடுத்தேன். வண்டி ஓடும்போது காற்று அடிக்குமே, அதில் சூடு போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பானெட் கச்சிதமாக மூடியது. காகா கணபதியைத் துணியால் ஒரு துடை துடைத்தார்.

அணைப் பக்கம் ஓட்டிப் பார்த்தோம். வண்டி பிய்த்துக்கொண்டு போனது. மேட்டில் கியர் குறைக்காமல் ஏறியது. காகா ஸ்டீயரிங்கைத் தட்டி, "ஏக்தம் மக்கன், சாஹேப்" என்றார், வெண்ணெயாம். அணைக்கரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் ஊர வேண்டியிருந்தபோது மட்டும் இன்ஜின் இருமியது. நான் இறங்கி, பெட்ரோல் கலவைத் திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். கூடுதல் பெட்ரோல் போனதும் இருமல் நின்றது. காகா எனக்குச் சுட்ட மக்காச்சோளம் வாங்கித் தந்தார். அதைத் தின்றுகொண்டே செயலாளருக்கு போன் போட்டு, வண்டி இப்போது மும்பை வரைக்கும் போகும் என்று பீற்றிக்கொண்டேன். எங்களுக்கு அது ஒன்றரைக் கிலோமீட்டர் போனால் போதும்.

உத்திரத்தன்று காலை பிள்ளையார் கோயிலில் குடங்களை ஏற்றினார்கள். மஞ்சள் புடவை, வெறுங்கால், தலையில் சும்மாடு, அதன் மேல் மஞ்சள் துணியால் வாய் கட்டிய பித்தளைக் குடம். என் மனைவியின் குடத்தைத் தூக்கி வைக்க நானும் ஒரு கை கொடுத்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "என்ன வேண்டுதல்?" என்று கேட்டாள். "எங்கம்மாளுக்கு முட்டி வலிங்க" என்றாள் இவள், முன்பே பழகி வைத்திருந்தவள் மாதிரி. எனக்குக் காது சூடானது.

எங்கள் ஊர்வலத்தில் ஒரு வழக்கம் உண்டு. சங்கத்து ஆண்கள் லாரிக்கு முன்னால் நாதஸ்வரத்தோடு நடப்போம். வழி விலக்குவதும் போக்குவரத்துக் காவலரிடம் பேசுவதும் போட்டோவில் விழுவதும் எங்கள் பொறுப்பு. பால்குடம் எடுக்கும் பெண்கள் சாமிக்குப் பின்னால், அதாவது லாரிக்குப் பின்னால் வருவார்கள். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் பின்னால் போய் நடந்ததில்லை. அந்த லாரியின் முகத்தைத்தான் எனக்குத் தெரியும்.

வெயில் ஏறியது. நாதஸ்வரக்காரர் ஒரு இடத்தில் நின்று நீட்டி வாசித்தார். பத்து அடி நகர்வதும் நிற்பதுமாக ஊர்ந்தோம். வழக்கமாக எல்லா வருஷமும் அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்த்தேன்; காகா கையை உயர்த்திச் சிரித்தார். பானெட்டில் கணபதியும் நன்றாகத்தான் இருந்தார். நான் முன்னால் நடந்தேன்.

புனேயிலேயே வளர்ந்த ஒரு சின்னப் பெண் ஓடிவந்து, "அங்கிள், பின்னாடி ரொம்ப ஸ்மோக் வர்றது, ஆன்ட்டி எல்லாரும் காஃப் பண்றாங்க" என்று தடுமாறிய தமிழில் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் பின்னால் போனேன்.

லாரியின் குழாயிலிருந்து புகை அடுப்புப் புகையாகக் கருகருவென்று நேராகப் பெண்களின் மேல் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் புடவைகளில் எல்லாம் கரித்துகள். ஒருத்திக்குக் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் குடத்தைப் பிடித்திருந்தன. என் மனைவி முதல் வரிசையில் இருந்தாள். அவள் குடத்தின் வாயில் கட்டிய மஞ்சள் துணி சாம்பல் நிறமாகியிருந்தது. இருமலை அடக்கியதில் அவள் கழுத்து நரம்பு புடைத்தது. இருமினால் பால் அலம்பிவிடும். புகை வருகிறது என்று அவள் யாரிடமும் புகார் சொல்லவில்லை. அந்த வண்டியில் கை வைத்தவன் நான் என்பது அந்த வரிசையில் எல்லோருக்கும் தெரியும்.

நான் வாயைத் திறப்பதற்குள் லாரி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

இடம் நடுச்சாலை. இரு பக்கமும் மரமில்லை. காகா செல்ஃபை அடித்தார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்தேன். பெட்ரோல் கார்புரேட்டருக்குள் கொதித்துக் கொப்பளிக்கும் சத்தம் காதால் கேட்டது. கொதித்து வழிந்து இன்ஜினுக்குள் கொட்டியிருந்தது. அடியில் சூட்டைத் தடுக்க ஒன்றும் இல்லை. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் அலுமினியத் தகடு தொட முடியாமல் தகித்தது. ஓடும்போது அடிக்க வேண்டிய காற்றும் இல்லை, வண்டி ஓடவே இல்லையே. காரணம் முழுவதும் எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஆற விடுவதைத் தவிர அந்த நேரத்தில் செய்வதற்கு எதுவும் இல்லை என்பதும் விளங்கிவிட்டது.

ஆனால் சும்மா நிற்க முடியுமா? எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் ஒரு ஸ்பேனரை எடுத்துத் திருக வேண்டாத நட்டுகளைத் திருகினேன். பெண்கள் லாரியின் கொஞ்ச நிழலில் ஒண்டினார்கள். தார் சுட்டது. யாரோ வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அவர்கள் காலடியில் ஊற்றினார்கள். வயதான அம்மாள் ஒருத்தி தள்ளாடினாள், இரண்டு பேர் அவள் முதுகைத் தாங்கினார்கள். குடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. என் மனைவி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

செயலாளர் என் தோளைத் தொட்டார். குரலில் மரியாதை மாறவில்லை.

"சார், உங்க கம்பெனியிலே இதுக்குன்னே ஆளுங்க இருப்பாங்களே. ஒரு போன் போட்டுக் கேளுங்களேன். லேடீஸ் பாவம்."

இல்லை, எனக்குக் கம்பெனி இல்லை என்று சொல்ல நல்ல சந்தர்ப்பம் அது. நாலே வார்த்தை. என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். எண்ணைத் தேடுகிற மாதிரி விரலால் தள்ளினேன். காதில் வைத்தேன்.

"ஹலோ... ஆமா, நான்தான். ஒரு சின்ன இஷ்யூ. பழைய பெட்ரோல் வண்டி... ஆமா, ஹீட்டாகி பெட்ரோல் கொதிக்குது... ஓகே... அப்ப ஆற விட்டுட்டு, பெடல முழுசா அழுத்திட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்றீங்க... ஓகே, தேங்க்ஸ்."

நடுவில் பதிலுக்காக இடைவெளி விட்டேன். ஒரு இடத்தில் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தேன், பழைய சகா ஏதோ கிண்டல் செய்தது போல. பேசிக்கொண்டே திரும்பியபோது அவள் முகம் எனக்கு நேராக இருந்தது. அத்தனை பேரில் அவள் ஒருத்திக்குத்தான் அந்த போனில் யாருமே இல்லை என்று தெரியும். குடத்தைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று நினைத்தேன். எனக்கே என்னைச் சகிக்கவில்லை.

அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, பெடலை முழுக்க அழுத்தச் சொல்லிக் காகாவிடம் கை காட்டினேன். செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியது. ஒரு பெரிய கரும்புகையைக் கக்கிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. "அரோகரா" என்று கூட்டம் எழுந்தது. செயலாளர் என் முதுகில் தட்டி, "கம்பெனின்னா கம்பெனிதான் சார்" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மிச்ச தூரத்துக்குப் பானெட்டைக் குச்சி கொடுத்துத் தூக்கி வைத்தேன், கலவைத் திருகை இறுக்கினேன், பெண்களை லாரிக்கு முன்னால் போகச் சொன்னேன். நான் பின்னால் நடந்தேன். கோயிலில் குருக்கள் கரி படிந்த துணிகளை அவிழ்த்தார். உள்ளே பால் வெள்ளையாகவே இருந்ததாம். எல்லாக் குடமும் சன்னதியில்தான் இறங்கின. நான் உள்ளே போகவில்லை. லாரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வெளியிலேயே நின்றுவிட்டேன்.

மறுவாரம் நானா பேட்டைக்குப் போய் அந்தச் சின்னக் கார்புரேட்டரை வாங்கிவந்து, பேக்லைட் கட்டையோடு பொருத்திக் கொடுத்தேன். காகா ஏன் என்று கேட்கவில்லை. கம்பெனி சொல்லியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

உத்திரத்தன்று சாயங்காலம் வீட்டில் அவள் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதத்தில் கொப்புளம். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். போன் விஷயத்தைப் பற்றி அவள் ஏதாவது சொல்வாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் எண்ணெய் எடுத்துத் தரச் சொன்னாள், அவ்வளவுதான்.

"சன்னதியில நல்லா வேண்டிக்கிட்டயா?" என்று கடைசியில் நானே கேட்டேன்.

"அங்க ஒண்ணும் வேண்டலீங்க."

"ஏன்?"

அவள் கொப்புளத்தைச் சுற்றி எண்ணெயைத் தடவினாள்.

"ரோட்டுலயே வேண்டிக்கிட்டனுங்க. நீங்க போனக் காதுல வெச்சுட்டு நின்னீங்கல்லங்க, அப்ப. இந்த வண்டி மட்டும் கெளம்பீரட்டும் சாமி, இவரு இத்தன பேருக்கு முன்னால இப்படி நிக்க வேண்டாம், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். சாமியும் கெளப்பிக் குடுத்துருச்சு. அப்பறம் அங்க போயி இன்னொண்ணு கேக்க வாய் வரலீங்க. பால ஊத்திக் கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

அத்தனை நாள் ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் தூக்கம், சுட்ட தார், அத்தனையும் எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று சேர்த்து வைத்தது. அதை அவள் அந்த லாரிக்குக் கொடுத்துவிட்டாள். சூடு ஆறினால் அது தானாகவே கிளம்பியிருக்கும். சாமியும் வேண்டாம், விரதமும் வேண்டாம், கொஞ்ச நேரம் சும்மா நின்றிருந்தால் போதும். அதை நான் பானெட்டைத் திறந்த உடனேயே தெரிந்துகொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் இல்லாத ஆளோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தானுங்க கெளம்புச்சு?" என்று கேட்டாள்.

"நல்லாக் கெளம்புச்சு" என்றேன்.